உச்சி வெயிலில் மோட்டார் போடுங்கள்

குமரி மாவட்டத்து மயிலாடியில் சிற்பப் பட்டறைகள் பகலில்தான் ஓடும். கல் அறுக்கும் எந்திரத்துக்குக் கரண்ட் தேவைப்படும் நேரமும் சூரியத் தகடு கரண்ட் தரும் நேரமும் அங்கே ஒன்றே. வீடுகளில் அப்படியில்லை. பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியவர்கள் வேலைக்கும் போனபின் காலை பத்து முதல் மூன்று மணிவரை ஃபிரிட்ஜ் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். விளக்கு, டிவி, ஏசி எல்லாம் போடும் அந்தி நேரத்தில் வெயில் இறங்கிப் போயிருக்கும்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். அதற்கு மேல் போட்டாலும் மானியம் அதிகமாகாது என்பதால் பலரும் அந்த அளவையே கேட்கிறார்கள். நல்ல வெயிலில் அது நாளுக்கு ஏறக்குறைய 12 யூனிட் தரும். வீட்டில் செலவாகாதது தெருக் கம்பிக்குப் போய்விடும். ஒரு டிரான்ஸ்பார்மரின் கீழ் இரண்டு வீட்டில் தகடு இருந்தால் பக்கத்து வீடுகளே அதை எடுத்துக்கொள்ளும். தெருவே தகடு போட்டால்தான் சிக்கல். எடுக்க ஆளில்லாமல் உச்சி வேளையில் வோல்டேஜ் ஏறும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 253 வோல்ட்டைத் தாண்டினால், தகட்டின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் தானாகவே இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். கொளுத்தும் வெயிலில் உற்பத்தி நின்றுபோகும்.

ஆகவே, ஒரு தெருவில் இன்னும் பல வீடுகள் தகடு போட வேண்டுமானால், அந்தி வேலையில் கொஞ்சத்தைப் பகலுக்குத் தள்ள வேண்டும். ஸ்மார்ட் கருவிக்கு வேலை இங்கேதான். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் அளவுக்குச் செலவாகும். கீசர் 2 கிலோவாட் இழுக்கும். இவற்றோடு வாஷிங் மெஷின், மின்சார ஸ்கூட்டர் சார்ஜ் எல்லாம் எந்நேரமும் செய்யக்கூடியவை. பகலில் சூடாக்கிய தண்ணீர், நல்ல கீசரில் இரவுவரை வெதுவெதுப்பாகவே இருக்கும். விளக்கையும் மின்விசிறியையும் செல்போனில் அணைப்பது வேடிக்கைதான். அதனால் சூரிய மின்சாரத்துக்கு ஒரு நன்மையும் இல்லை.

எளிய வழி டைமர். பதினொன்றுக்கு மோட்டார், பன்னிரண்டுக்கு கீசர் என்று வைத்துவிடலாம். இரண்டு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில் டைமர் சில மாதம் ஏமாற்றும். மேகம் மூடிய நாளிலும் அது நேரம் பார்த்துக் கீசரைப் போட்டுவிடும். இன்வெர்ட்டரோடு பேசும் சுவிட்சுகள் இதைவிடக் கெட்டி. வீட்டுத் தேவை போக 2 கிலோவாட் மிஞ்சினால் மட்டும் கீசரைப் போடும், மேகம் வந்தால் நிறுத்தும்.

கூரைத் தகடுகள் மலிந்த தெற்கு ஆஸ்திரேலியாவில் 2020-இல் காலை பத்து முதல் மூன்று வரை மலிவுக் கட்டணம் கொண்டுவந்தார்கள். நள்ளிரவில் தண்ணீர் சூடாக்கிய பழைய ஏற்பாட்டை நண்பகலுக்கு மாற்றும் வேலையும் அங்கே நடக்கிறது.

நம் வீட்டுக்குப் பணம் மிச்சமாகுமா? தமிழ்நாட்டு வீடுகளுக்கு நெட் மீட்டரிங் உண்டு. பகலில் அனுப்பிய யூனிட்டை இரவில் எடுத்ததில் கழித்துவிடுவார்கள். அதனால் மோட்டாரைப் பகலுக்கு மாற்றினாலும் பில் பெரிதாக இறங்காது. பாதியாகும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். இப்போதைக்கு ஆதாயம் டிரான்ஸ்பார்மருக்கும், அடுத்துத் தகடு போடப்போகும் பக்கத்து வீட்டுக்கும். நிலைமை மாறலாம். ஸ்மார்ட் மீட்டர் வந்த வீடுகளுக்கு, வெயில் உள்ள எட்டு மணி நேரத்தில் கட்டணத்தைக் குறைத்து, தேவை மிகுந்த நேரத்தில் கூட்ட வேண்டும் என்று 2023-இல் ஒன்றிய அரசு விதி திருத்தியது. அது நம் வாசலுக்கு வரும்போது டைமரின் விலை சீக்கிரமே திரும்பிவிடும்.

கரண்ட் போனால் பேட்டரி இல்லாத அமைப்பு வெயிலிலும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவரின் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். எந்த ஸ்மார்ட் பிளக்கும் அதை மாற்றாது. கீசருக்கு வாங்கும்போது 16 ஆம்பியர் பிளக்தானா என்று பாருங்கள். மோட்டாரை நேரடியாக பிளக்கில் மாட்டாமல், எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி காண்டாக்டர் (மோட்டாரின் மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்ச்) வைத்து இணையுங்கள்.