தஹ்ரானில் பிசகிய கணக்கு

வளைகுடா யுத்தம் முடியும் தறுவாயில், 1991-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் தேதி இரவு, ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணையொன்று சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் அமெரிக்கச் சிப்பாய்கள் தங்கியிருந்த விடுதியின்மேல் விழுந்து 28 பேரைக் கொன்றபோது, அதை நடுவானில் தகர்ப்பதற்கென்றே அங்கு நிறுத்தியிருந்த பேட்ரியட் தொகுதியிலிருந்து ஒரு கணைகூடப் புறப்படவில்லை.

பிழை மென்பொருளில் இருந்தது. ரேடாரில் தென்பட்ட பொருள் அடுத்து எங்கே வரும் என்பதை, அதன் வேகத்தையும் கழிந்த நேரத்தையும் கொண்டு கம்ப்யூட்டர் கணித்தது. நேரத்தை அது விநாடியின் பத்தில் ஒரு பங்காக எண்ணிற்று. பத்தில் ஒன்று என்பது இரும எண் முறையில் முடிவின்றி நீளும் பின்னமாதலால், 24 இலக்கங்களுக்கே இடமிருந்த அக்கருவி எஞ்சியதை வெட்டிவிட்டது. அற்பமான அத்துணுக்கு, 100 மணி நேரத்துக்கு மேல் ஓயாது இயங்கியதில் விநாடியின் மூன்றில் ஒரு பங்காகத் திரண்டுவிடவே, விநாடிக்கு 1,600 மீட்டருக்கு மேல் விரையும் ஸ்கட்டை ரேடார் அரைக் கிலோமீட்டருக்கும் அப்பால் தேடி ஏமாந்தது.

எழுதியவர்களைமட்டும் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது. விமானங்களை எதிர்க்கவும், அடிக்கடி இடம் பெயரவும், ஒரு தடவைக்குச் சில மணி நேரம் இயங்கவுமே அவர்கள் அதை அமைத்தார்கள். எட்டு மணி நேரத்திலேயே குறி விலகிவிடுகிறதென்று, அதே கருவியைக் கையாண்ட இஸ்ரேலியர் பிப்ரவரி 11-ஆம் தேதியே தெரிவித்தனர். திருத்தமும் சில நாட்களில் தயாராயிற்று. 21-ஆம் தேதி களத்துக்குச் சென்ற எச்சரிக்கையோ, நெடுநேரம் இயக்கினால் குறி விலகக்கூடும் என்றதேயன்றி, நெடுநேரம் எவ்வளவு என்று சொல்லவில்லை. கருவியை அவ்வப்போது நிறுத்தி மறுபடி இயக்கினாலே கணக்குச் சரியாகியிருக்கும். திருத்திய மென்பொருள் தஹ்ரானை அடைந்த தேதி 26.

ராணுவ மென்பொருளின் பெரும் இடர்கள் தொழில்நுட்பத்தைவிட நிர்வாகத்தையே சார்ந்தவை என்று, கணினி அறிஞர் பிரெடரிக் புரூக்ஸ் தலைமையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அமைத்த குழு 1987-லேயே கூறியிருந்தது. தேவைகள் யாவற்றையும் முன்கூட்டியே ஏட்டில் எழுதி முடித்து, பல ஆண்டுகளுக்குப் பின் முழுமையாக ஒப்படைக்கும் முறை, களம் மாறுவதற்கு இடங்கொடுப்பதில்லை. சிறிதளவு செய்து, அதைக் கையாளப்போகும் வீரரிடம் காட்டி, அவர் சொல் கேட்டுத் திருத்தி வளர்ப்பதே விவேகமான மார்க்கமென்று நான் உறுதியாக நம்புகிறேன். 2020-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை மென்பொருளுக்கெனத் தனி விதிகள் வகுத்து, ஆண்டுக்கு ஒரு முறையேனும் புதிய பயன் களத்துக்குச் சேர வேண்டுமென விதித்திருப்பது வரவேற்கத்தக்கதே. ஆயினும், அந்த வேகத்தின்பொருட்டு, களத்தில் இயங்குவதைப்போலவே நாட்கணக்கில் ஓயாமல் ஓடவிட்டுப் பார்க்கும் சோதனையை ஒரு மணி நேரமும் குறைக்கலாகாது.