வாகட்டில் ஒரு நீலகிரி எஞ்சின்

"இத்தனை மாதமாக ஒரு பொம்மை ரயிலுக்கா இவ்வளவு பாடு?" என்று நம் சங்கத்து நண்பர்கள் பலரும் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. ஆசிரியர் பக்கம் ஒதுக்கித் தந்ததால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நான் கட்டிக்கொண்டிருப்பது மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு மலையேறும் நீராவி எஞ்சின். ரயில்வே பாஷையில் 'எக்ஸ்' வகுப்பு. நிஜத்தில் 87 அடி இருந்தால் மாதிரியில் ஓர் அடி; உலகெங்கும் மாதிரி ரயில் அன்பர்கள் 'ஹெச்.ஓ.' என்று சொல்லும் அளவு அது. இந்த அளவில் சுவிஸ் எஞ்சின், ஜெர்மன் எஞ்சின், அமெரிக்க எஞ்சின் எல்லாம் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். நம் ஊட்டி எஞ்சினைக் கடையில் நான் பார்த்ததில்லை. வேண்டுமென்றால் வெறும் தகட்டிலிருந்து நாமே கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

மாதிரி ரயில் என்றால் என்னவென்று பார்க்க விரும்புவோர் கோத்ரூடில் கர்வே ரோடு அருகே இருக்கும் ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை குழந்தைகளுடன் போய் வாருங்கள். 'பாவு' ஜோஷி என்ற புனே அன்பர் வாழ்நாள் ஆசையாக உருவாக்கியது. 1998 ஏப்ரல் 1 அன்று திறக்கப்பட்டது. விளக்குகள் எரிய, சிக்னல் விழ, ஒரே மேடையில் பல ரயில்கள் ஓடும். வாகட்டிலிருந்து போகப் புறப்பட்டால் ரயில் பார்க்கும் நேரத்தைவிடச் சாலையில் நிற்கும் நேரம் அதிகம். அதற்கு ஜோஷி பொறுப்பல்ல.

சரி, அந்த எஞ்சினில் அப்படி என்ன விசேஷம்? புனேவாசிகளுக்கு இதைச் சொல்வது எளிது. மும்பையிலிருந்து வரும்போது கர்ஜத்தில் வண்டியின் பின்புறம் கூடுதல் எஞ்சின் மாட்டி, லோனாவளா வரை தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். 1863இல் திறந்த அந்தப் போர் காட் பாதையின் சரிவு 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். அதற்கே இந்தப் பாடு. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே நம் நீலகிரிப் பாதையில் 12 அடிக்கு ஓர் அடி! வெறும் சக்கரமும் தண்டவாளமும் உரசுகிற பிடிப்பை நம்பிப் பெட்டிகளை அங்கே மேலே தள்ள முடியாது. ஆகவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரட்டை இரும்புச் சட்டம் பதித்திருக்கிறார்கள். ஒரு சட்டத்தின் பல் இருக்குமிடத்தில் பக்கத்துச் சட்டத்தில் பள்ளம் இருக்கும். ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் கண்ட முறை இது. எஞ்சினுக்கு அடியில் உள்ள பற்சக்கரம் அந்தப் பல்லைப் பிடித்துக்கொண்டு ஏறும். எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம், அதாவது ஏறும்போது பின்னால். ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்காளர் கொடியோடு நிற்பார்.

குன்னூர் வரை 1899இலும் உதகை வரை 1908இலும் ரயில் போயிற்று. எக்ஸ் வகுப்பு எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் நகரில் கட்டப்பட்டு 1914 முதல் 1925 வரை 12, பிறகு 1952இல் 5 என்று வந்தன. அதே ஊரில் அதே பாணியில் கட்டிய ஃபுர்கா மலை எஞ்சின்கள் சில 1947இல் வியட்நாமுக்கு விற்கப்பட்டு, 1990இல் சுவிஸ் அன்பர்கள் அவற்றைக் காட்டுக்குள்ளிருந்து மீட்டுத் தாய்நாடு கொண்டுபோனார்கள். நம்முடையவை போன இடத்திலேயே தங்கி உழைத்தன. பிற்காலத்தில் திருச்சி பொன்மலைப் பணிமனையில் அதே வடிவில் எண்ணெய் எரிக்கும் எஞ்சின்களைப் புதிதாகவே கட்டினார்கள். 2005இல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

இனி வேலைக்கு வருவோம்.

நீலகிரிப் பாதை ஒரு மீட்டர் அகலம். 87ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர், 12 மி.மீ. தண்டவாளம் கிட்டத்தட்டச் சரியாகப் பொருந்துகிறது. பேமோ என்ற ஜெர்மன் நிறுவனம் சுவிஸ் மலை ரயில்களுக்காக இந்த அகலத்தில் தண்டவாளமும் பற்சட்டமும் விற்கிறது. (நம் அகல ரயில் பாதையை மாதிரி செய்கிறவர்கள் பாவம், 1676 மி.மீ. அகலத்துக்கு 19 மி.மீ.க்கு மேல் வேண்டும், கிடைப்பதோ 16.5.)

தகடு, கம்பி, குழாய் எல்லாம் புனேயிலேயே கிடைத்தன. ரவிவார் பேட்டையில் போஹ்ரி ஆளி என்ற ஹார்டுவேர் சந்தில் பித்தளைத் தகடும் குழாயும். புத்வார் பேட்டையில் தாப்கீர் கல்லி என்ற எலெக்ட்ரானிக்ஸ் சந்தில் சுண்டுவிரல் முனை அளவு கியர் மோட்டார். கடைக்காரரிடம் "அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த தகடு, உள்ளங்கை அளவு" என்று கேட்டால் முதலில் சிரிப்பார். பிறகு என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார். ரயில் என்று சொன்னதும் அவருடைய சிறுவயது மாத்தேரான் பயணம் வெளிவரும். தகடு வெட்டித் தரக் காசு வாங்க மாட்டார்.

முதலில் செய்ய வேண்டியது இணைப்புத் தண்டு. நான்கு சக்கர இணைகளையும் ஒன்றாகப் பூட்டும் தண்டு அது. இரண்டு பித்தளைப் பட்டைகளைச் சாலிடரால் ஒட்டி, ஒன்றாகவே துளை போட்டு, ஒன்றாகவே அரத்தால் இழைத்து, பிறகு சூடாக்கிப் பிரிக்க வேண்டும். அப்போதுதான் இடது வலது இரண்டும் இம்மி பிசகாமல் இருக்கும். அந்தத் தண்டின் துளைகளையே அச்சாக வைத்து அடிச்சட்டத்தில் அச்சுத் துளைகளைப் போடுவது பழைய கைவினைஞர் உத்தி. அளவுகோலை நம்பினால் எட்டுச் சக்கர எஞ்சின் நொண்டும். சக்கரங்களையும் ஒரு பக்கத்து முளை மறுபக்கத்து முளைக்குச் சரியாகக் கால் வட்டம் தள்ளி இருக்குமாறு பூட்ட வேண்டும். நான்கில் ஓர் இணை கொஞ்சம் தப்பினாலும் சுற்றுக்கு ஒரு முறை எஞ்சின் விக்கும்.

மேலே தண்ணீர்த் தொட்டிகளும் ஓட்டுநர் அறையும் தட்டையான தகட்டுப் பெட்டிகள்தாம். பொற்கொல்லர் ரம்பத்தால் அறுத்து மடித்தால் போதும். ரிவெட் தலைகளுக்கு மட்டும் பொறுமை வேண்டும். தகட்டைக் கவிழ்த்து, முனை மழுங்கிய ஊசியை வரிசையாக வைத்து ஒரே விசையில் தட்டிக்கொண்டே போக வேண்டும். புகைபோக்கியை, லேத் இல்லாததால், கைத்துரப்பணத்தில் பித்தளைத் துண்டை மாட்டிச் சுழலவிட்டு அரம் பிடித்துக் கடைந்தேன்.

இதுவரை சொன்னதெல்லாம் புத்தகத்தில் இருக்கும். எந்தப் புத்தகத்திலும் கிடைக்காதது சிலிண்டர் சமாச்சாரம்.

எக்ஸ் எஞ்சினின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர்கள். கீழுள்ளவை சக்கரங்களுக்கு, மேலுள்ளவை பற்சக்கரத்துக்கு. சமதளத்தில் கீழே மட்டும் நீராவி. பற்சட்டம் வந்ததும், கீழே வேலை செய்து முடித்த நீராவியே மேலே ஏறி இன்னொரு முறை உழைக்கிறது. படத்தில் இதெல்லாம் ஒரே குழாய்க் காடாகத் தெரியும். எது எதற்குப் போகிறதென்று சாலிடர் வைப்பவனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். குன்னூர் ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனுக்கு ஹிஞ்சவடியில் வேலை என்பதால் இங்கே வந்து, பகல் முழுவதும் பால்கனியில் உட்கார்ந்திருப்பவர். லிஃப்டில் என் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இது நம்ம வண்டியில்ல?" என்றார். அன்று இரவு ஒன்பது மணி வரை எங்கள் வீட்டுக்கூடத்தில் குழாய் குழாயாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஐயா, பல்லில் ஏறும்போது மேல் தண்டும் கீழ்த் தண்டும் ஒன்றாகத்தானே ஓடும்?" என்று கேட்டேன்.

"எங்க தம்பி ஒண்ணா ஓடும்? கீழே பெரியவர் நடை. மேலே சின்னப் பிள்ளை ஓட்டம். அதுவும் எதிர்ப்பக்கமாச் சுத்தும். கல்லாறு தாண்டி நின்னு காதைக் கொடுத்தாலே தெரியும், ரெண்டு தாளம் கேட்கும்."

இந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு மாதிரியின் அமைப்பே கிடைத்துவிட்டது. மோட்டார் நான்கு அச்சுகளை மட்டும் ஓட்டும். அடியிலுள்ள பற்சக்கரத்தை மோட்டாரோடு சேர்க்கவே இல்லை. சும்மா சுழல விட்டிருக்கிறேன். சமதளத்தில் அது அசையாது, மேல் தண்டுகளும் அசையா. நடுச்சட்டம் வந்ததும் பல் மாட்டி, சட்டமே அதைச் சுழற்றும். அதிலிருந்து ஒரே ஒரு பல்லிணை வழியாக மேல் தண்டுகளுக்கு ஓட்டம். ஓரிணை என்பதால் திசை தானாகவே எதிராகிறது. பல் எண்ணிக்கையைக் குறைத்துப் போட்டதால் வேகமும் கூடுகிறது. இழுக்கும் பலம் பற்சக்கரத்துக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் மாதிரி எஞ்சினில் கொஞ்சம் ஈயம் ஏற்றினால் 12-க்கு 1 சரிவில் இரண்டு இலேசான பெட்டிகளைத் தள்ளிவிடும்.

சட்டம் தொடங்கும் இடத்தில் பல்லின்மேல் பல் ஏறி நிற்காதா என்றும் கேட்டேன். "அந்த முனை மட்டும் ஸ்பிரிங் மேலே இருக்கும் தம்பி. பல்லு மேல பல்லு வந்தா அது அமுங்கிக் கொடுக்கும். மெதுவாப் போனா தன்னால உட்கார்ந்துக்கும்." அப்படியே முதல் இரண்டு அங்குலச் சட்டத்தை மெல்லிய எஃகுப் பட்டைமேல் ஒட்டினேன். எஞ்சின் ஏறியது. இரண்டு தாளம் என்று சொல்ல முடியாது, கடிகாரச் சத்தம்தான். பெரியவர் தரையில் குனிந்து, மேல் தண்டு எழுந்து ஓடுவதைப் பார்த்தார். "இன்னொரு வாட்டி விடுங்க" என்றார். பதினொரு முறை விட்டோம். ஊரைவிட்டு வந்தபின் அந்த எஞ்சினைப் பற்றி அவரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லையாம்.

மிச்சம் இருப்பது வண்ணம். பித்தளையைச் சோப்பு நீரில் பழைய பல் துலக்கியால் தேய்த்து, உலர்த்தி, விரல் படாமல் எடுத்து, முதலில் உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் பிரைமர். அதன்மேல் நீலம், நான்கைந்து மெல்லிய பூச்சு. ஒரே பூச்சில் முடிக்க நினைத்தால் ரிவெட்டெல்லாம் மூழ்கிவிடும். வாகட் மழையில் இந்த வேலை ஆகாது. ஈரக்காற்றில் லாக்கர் வெளுத்துப் புகைபோலப் படியும். ஆகவே அக்டோபருக்காகக் காத்திருக்கிறேன். கடைசியில் சாக்பீஸ் தூளும் பென்சில் கரியும் கொண்டு சக்கரத்தில் தூசி, தண்டுகளில் மினுமினுப்பு, எண்ணெய் ஊற்றும் வாயருகே வழிந்த கறை. கழுவி நிறுத்திய எஞ்சினைப் பெரியவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆனால் எந்த நீலம்? வெவ்வேறு ஆண்டுப் படங்களில் வெவ்வேறு நீலம். நான் கட்டுவது எண்ணெய் வருவதற்கு முந்தைய, நிலக்கரி காலத்து எஞ்சின். எனவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு ஆல்பத்தில் எழுபது, எண்பதுகளில் ஊட்டி ரயில் முன் நின்று எடுத்த வண்ணப்படம் இருந்தால், அத்தை மாமா முகங்களுக்குப் பின்னால் எஞ்சின் கொஞ்சம் தெரிந்தாலும் போதும், சங்க அலுவலகத்தில் கொடுங்கள். நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறேன். பொன்மலையிலோ குன்னூரிலோ பெரம்பூரிலோ வேலை பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து வாருங்கள். மூன்றாம் மாடிக்காரருக்கும் பேச்சுத்துணை ஆகும். பிரேக் தண்டு எங்கே முடிகிறது என்பதில் எனக்கும் அவருக்கும் இன்னும் வழக்கு தீரவில்லை.