வடிவும் அமைப்பும்: தொடக்கநிலைத் தமிழ்த் தட்டச்சும் ஆவண ஒழுங்கும் (கள்ளக்குறிச்சி வட்டாரக் களஆய்வை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

கணினியில் தமிழைத் தட்டச்சு செய்வதும் ஆவணத்தை ஒழுங்குபடுத்துவதும் எழுத்தர் பணியாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றன. வாய்மொழித் தரவுகளைத் தொகுக்கும் ஆய்வாளருக்கு அவை ஆய்வு முறையியலின் பகுதிகளாகும். எழுத்தின் தோற்றத்தை மட்டும் பதிவு செய்யும் பழக்கத்திற்கும் அதன் அமைப்பைப் பதிவு செய்யும் பழக்கத்திற்கும் உள்ள வேறுபாட்டை இக்கட்டுரை தமிழ் 99 விசைப்பலகை, ஒருங்குறி, ஆவணப் பாணிகள் ஆகியவற்றின் வழி விளக்குகிறது. எடுத்துக்காட்டுகள் கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலை வட்டாரத்திலிருந்து கொள்ளப்பட்டுள்ளன.

குறிச்சொற்கள்: தமிழ் 99, ஒருங்குறி, மெய்ம்மயக்கம், ஆவணப் பாணி, வட்டார வழக்கு, கல்வராயன் மலை.

1. முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 26 அன்று செயற்பாட்டிற்கு வந்தது கள்ளக்குறிச்சி மாவட்டம். இதன் மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகக் கல்வராயன் மலை அமைந்துள்ளது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழையே தம் வழக்கில் பேசுகின்றனர். அவர்தம் பாடல், கதை, பழமொழி, ஊர்ப்பெயர், செடிகொடிப் பெயர் முதலியன களஆய்வுக்கு உரிய வளமான தரவுகள். ஒலிப்பதிவாக மலையிறங்கும் இத்தரவுகள் ஆய்வேட்டில் இடம்பெறுவதற்கு முன்பு ஆய்வாளரின் விரல்களைக் கடந்தே வரவேண்டும். அந்த இடத்தில் நேரும் பிழை, சொல்லிய மக்களின் மொழியையே மாற்றிவிடும். அல்லது பின்வரும் ஆய்வாளர் தேடிக் கண்டடைய இயலாதவாறு மறைத்துவிடும்.

2. இருவகைப் பயிற்சி மரபுகள்

தமிழகத்தின் சிறு நகரங்களில் தட்டச்சுப் பயிலகங்கள் நெடுங்காலமாக இயங்கி வருகின்றன. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் இளநிலை, முதுநிலைத் தேர்வுகளும், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தட்டச்சர் பணியிடங்களும் இப்பயிற்சிக்கு நிலையான மதிப்பை அளித்துள்ளன. நிமிர்ந்து அமர்தல், விசைகளைப் பாராது பத்து விரல்களையும் பயன்படுத்துதல், வேகத்திற்கு முன் பிழையின்மையைப் பேணுதல் ஆகிய நல்லொழுக்கங்கள் இம்மரபின் கொடை.

ஆயினும் தட்டச்சுப் பொறி தாளில் மை பதிப்பதற்காக எழுந்த கருவி. இலங்கையில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியபோது, 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்குவதே முதன்மைச் சிக்கலாக இருந்தது. எழுத்துருவத்தைக் கொம்பு, கால், புள்ளி எனப் பிரித்து இடமிருந்து வலமாக அடிப்பதே அதற்குத் தீர்வாயிற்று. 'கொ' என்பதற்குக் கொம்பு, ககரம், கால் என மூன்று விசைகள் தேவைப்பட்டன. இது கண் காணும் வரிசை.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து, அவ்வாண்டிலேயே தமிழ்நாடு அரசு தமிழ் 99 விசைப்பலகையைத் தரப்படுத்தியது. இதில் 'கொ' என்பது ககரம், ஒகரம் என இரு விசைகளால் அமைகிறது. இது செவி கேட்கும் வரிசை. மெய் முன்னும் உயிர் பின்னுமாக உயிர்மெய் பிறக்கும் இலக்கண வரிசையும் இதுவே.

3. தமிழ் 99: இலக்கணமே விசைப்பலகையாதல்

உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 விசைகளில் தமிழ் நெடுங்கணக்கு முழுவதும் அடங்குகிறது. கிரந்த எழுத்துகள் ஷிஃப்ட் விசையுடன் சேர்த்துப் பெறப்படுகின்றன. உயிர் விசைகள் அனைத்தும் இடக்கைக்கும், வகரமும் ஙகரமும் நீங்கலான மெய் விசைகள் வலக்கைக்கும் உரியன. ஆகவே பெரும்பாலான உயிர்மெய்களுக்கு வலக்கையும் இடக்கையும் மாறிமாறி இயங்குகின்றன. ஒரு கை தொடர்ந்து உழைக்கும் களைப்பு குறைகிறது.

தொடக்கநிலையினர் முதலில் பழக வேண்டியது நடு வரிசை. ஆங்கில விசைப்பலகையின் எஃப், ஜே விசைகளில் உள்ள சிறு மேடுகளே விரல்களுக்கு வழிகாட்டி. இடக்கையின் நான்கு விரல்கள் அ, இ, உ, ஃ ஆகியவற்றின்மீதும் வலக்கையின் நான்கு விரல்கள் ப, ம, த, ந ஆகியவற்றின்மீதும் அமையும். மெய்யெழுத்தை அடித்தபின் ஆய்த விசையை அழுத்தினால் புள்ளி கிடைக்கும். 'தமிழ்' என்னும் சொல் த, ம, இ, ழ, ஃ என ஐந்து தட்டல்களில் முடிகிறது.

புள்ளியைப் பல இடங்களில் விசைப்பலகையே இட்டுவிடுகிறது. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முன்னது புள்ளி பெறும். நன்னூல் உடனிலை மெய்ம்மயக்கம் எனச் சுட்டும் நிகழ்வு இங்கு விரலின் வழக்கமாகிறது. ஙக, ஞச, ணட, நத, மப, னற என்னும் இன இணைகளிலும் மெல்லினம் தானே புள்ளி பெறுகிறது. 'கள்ளக்குறிச்சி' என்னும் பெயரில் மூன்று புள்ளிகள் உள்ளன. எனினும் க, ள, ள, க, க, உ, ற, இ, ச, ச, இ என்னும் பதினொரு தட்டல்களில் புள்ளிக்கு எனத் தனித் தட்டல் ஒன்றும் இல்லை. 'சங்கராபுரம்' என்பதில் இறுதி மகரத்திற்கு மட்டுமே புள்ளி விசை தேவை.

இவ்வசதி தவறாக இயங்கும் இடங்களைத் தமிழாய்வாளர் அறிந்திருத்தல் இன்றியமையாதது. 'வந்தனன்' என்பதில் இரு னகரங்களைத் தொடர்ந்து அடித்தால் 'வந்தன்ன்' என்றாகும். முதல் னகரத்தை அடுத்து அகர விசையை அழுத்தி, அதன் பின்னரே அடுத்த னகரத்தை அடிக்க வேண்டும். 'மமதை' என்னும் சொல்லுக்கும் இதுவே முறை. செய்யுள் நடையில் -னன் ஈற்று வினைமுற்றுகள் மிகுதியாக வருதலின் இது சிறு நுணுக்கம் அன்று.

பயிற்சியின் வேகத்தை ஆங்கில வழக்குப்படி நிமிடத்திற்கு இத்தனை சொற்கள் என அளப்பது தமிழுக்குச் சரிவரப் பொருந்தாது. ஒட்டுநிலை மொழியாகிய தமிழில் ஒரே சொல் பல உருபுகளைத் தாங்கி நீள்வதால், நிமிடத்திற்கான தட்டல் எண்ணிக்கையும் பிழை விகிதமும் தக்க அளவுகோல்களாம்.

4. குறியாக்கமும் தேடலும்

பழைய எழுத்துருக்கள் பலவற்றில், திரையில் தமிழ் தெரிந்தாலும் கணினியின் நினைவில் இருப்பவை ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களே. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆவணம் பொருளற்ற குறிகளாகச் சிதறும். ஒருங்குறியில் தமிழுக்கெனத் தனி இடங்கள் உள்ளன. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் தமிழ் அனைத்து எழுத்துக் குறியாக்கமாகிய டேஸ்-16-ஐயும் தரமாக ஏற்றது. தமிழ் இணையக் கல்விக்கழகம் எழுத்துருக்களையும் விசைப்பலகை மென்பொருள்களையும் கட்டணமின்றி வழங்கி வருகிறது.

கல்வராயன் மலையின் முதன்மையான ஊர்களுள் ஒன்றாகிய 'வெள்ளிமலை'யை எடுத்துக்கொள்ளலாம். கண் வரிசைக் குறியாக்கத்தில் இச்சொல்லின் முதலில் நிற்பது கொம்பு; ஒருங்குறியில் முதலில் நிற்பது வகரம். சொல்லடைவு தயாரிக்கும்போது இவ்வேறுபாடு வெளிப்படும். முன்னதில் கெண்டை, செடி, வெள்ளாடு ஆகிய மூன்றும் கொம்பின்கீழ் ஓரிடத்தில் குவியும். பின்னதில் தத்தம் வருக்கத்தில் அமையும்.

ஒருங்குறியும் முழுத் தீர்வன்று. அதன் எண் வரிசையில் னகரம் பகரத்திற்கு முன் நிற்பதால், எண்ணை மட்டும் நோக்கி வரிசைப்படுத்தினால் 'கனி' முன்னும் 'கபம்' பின்னுமாக வரும். வரிசைப்படுத்தும்போது மொழியைத் தமிழ் எனத் தெரிவு செய்தல் வேண்டும். மற்றொரு பிழை கண்ணுக்குப் புலப்படாதது. 'ஔவை' என்பதை ஒகரமும் ளகரமுமாக 'ஒளவை' என அடித்தால் தாளில் வேறுபாடு தோன்றாது. ஆனால் சரியான ஔகாரம் கொண்டு தேடுவோருக்கு அவ்விடம் அகப்படாது. தமிழ் 99-இல் ஔகாரத்திற்குத் தனி விசை உண்டு. ஒலி வரிசையில் பழகிய விரல் இப்பிழையைச் செய்வது அரிது.

5. ஆவண ஒழுங்கு: பாணியின் பயன்

எழுத்தில் கண்ட அதே வேறுபாடு ஆவணத்திலும் தொடர்கிறது. தலைப்பைத் தடித்த எழுத்தாக்கிப் பெரிதாக்குவது தோற்றம். 'தலைப்பு 1' என்னும் பாணியை இடுவது அமைப்பு. முன்னதைக் கணினி வெறும் தடித்த வரியாகவே அறியும். பின்னதிலிருந்து பொருளடக்கத்தைத் தானே உருவாக்கும். இயல் பெயர் மாறினும் பக்கம் மாறினும் ஒரு கட்டளையில் புதுப்பிக்கும். மைக்ரோசாஃப்ட் வேர்டு, லிப்ரே ஆஃபிஸ் ரைட்டர் ஆகிய இரண்டிலும் இவ்வசதி உண்டு.

தொடக்கநிலையில் நான்கு பழக்கங்கள் போதுமானவை. புதிய இயலைப் புதிய பக்கத்தில் தொடங்க என்டர் விசையைப் பலமுறை அழுத்தாது, கன்ட்ரோலுடன் என்டரை அழுத்திப் பக்க முறிவு இடவேண்டும். பத்தியின் முதலடி உள்தள்ளலை இடைவெளி விசையால் ஆக்காது பத்தி அமைப்பில் குறிக்க வேண்டும். அடிக்குறிப்பு எண்ணைக் கையால் இடாது அதற்குரிய கட்டளையால் இடவேண்டும். பாடலின் அடிகளை ஷிஃப்டுடன் என்டர் அழுத்திப் பிரித்தால் பாடல் முழுவதும் ஒரே பத்தியாக, ஓர் அலகாக நிற்கும்.

களஆய்வுத் தரவுக்குப் பாணி ஆற்றும் பணி இவற்றினும் பெரிது. ஓர் ஆய்வேட்டில் தகவலாளி கூற்று, பாடல், ஆய்வாளர் விளக்கம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பாணிகள் வகுக்கப்பட்டுள்ளன எனக் கொள்வோம். கல்வராயன் மலை என்றும் கல்ராயன் மலை என்றும் இருவகை வழக்குகள் உள்ளன. விளக்கப் பகுதியில் ஒரே வடிவத்தை ஆள விரும்பும் ஆய்வாளர் ஆவணம் முழுவதும் மாற்றீடு செய்தால், தகவலாளி 'கல்ராயன்' எனச் சொன்ன இடங்களும் அழிந்துபோகும். பாணிகள் இருப்பின் மாற்றீட்டை விளக்கப் பாணிக்குள் மட்டும் நிகழுமாறு வரையறுக்கலாம். தானியங்கித் திருத்தத்தையும் கூற்றுப் பகுதிகளில் நிறுத்திவைத்தல் நலம். வட்டார வடிவத்தைப் பிழையெனக் கொண்டு பொதுத்தமிழாக்கும் வாய்ப்பு அதில் உண்டு.

6. முடிவுரை

தட்டச்சுப் பயிலகங்கள் வளர்த்த விரல் ஒழுக்கம் இன்றும் பயனுடையது. அவ்வொழுக்கத்தை ஒலி வரிசை விசைப்பலகையோடும் ஒருங்குறியோடும் இணைப்பதே தமிழ் மாணவர்க்கு உரிய தொடக்கம். எழுத்திலக்கணம் கற்றவர்க்குத் தமிழ் 99 புதிய பாடமன்று. தாம் கற்ற முதலெழுத்தும் மெய்ம்மயக்கமும் விரல்வழி வெளிப்படும் இடம். தமிழ்த்துறைகள் முதலாண்டிலேயே, எழுத்ததிகாரப் பாடத்தோடு சேர்த்தே இப்பயிற்சியை அளிக்கலாம். ஆய்வேடு எழுதும் காலம் வரை காத்திருந்தால், கைப்பழக்கம் வேரூன்றிய பின் அதனைக் களைய வேண்டிவரும். அதற்குள் தட்டச்சான தரவுகளையும் மீளத் திருத்த வேண்டியிருக்கும். மலையில் ஒருவர் சொன்ன சொல் சொன்னவாறே நிலைபெறவும், இருபது ஆண்டுகள் கழித்து மற்றொருவர் அதனைத் தேடி எடுக்கவும் முடிதல் வேண்டும். அதற்கு இத்தொடக்கப் பயிற்சியே அடிப்படையாகும்.