துண்டுக்குள் ஏலம் போகும் மின்சாரம்

சென்னைப் புறநகர் முடிச்சூரில் எங்கள் வீட்டு மீட்டர் பெட்டிக்குள் ஒரு வெள்ளை அட்டை செருகியிருக்கிறது. ரீடிங் எடுக்க வருபவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதில் ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போவார். எங்களுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள கணக்கு அவ்வளவுதான். 500 யூனிட்டுக்குள் அடங்கியதா, தாண்டிவிட்டதா என்பதுதான் தெருவில் எல்லோருடைய கவலையும்.

அந்த அறுபது நாளில் நாட்டின் மின்சந்தையில் 5,760 விலைகள் வந்து போயிருக்கும். கால் மணி நேரத்துக்கு ஒரு விலை, நாளொன்றுக்கு 96. நான் மின்விசிறியைப் போட்ட நேரத்தில் ஒரு யூனிட் 2 ரூபாய்க்குப் போனதா, 10 ரூபாய்க்குப் போனதா என்பது எனக்குத் தெரியாது. எனக்காக வாங்குகிற மின்வாரியத்துக்குத் தெரியும்.

மின்சாரத்தில் போட்டி என்று பேச்செடுத்தாலே ஒருவர் 'தனியாருக்குத் தாரை வார்க்கிறார்கள்' என்பார், இன்னொருவர் 'போட்டி வந்தால் விலை இறங்கும்' என்பார். இருவருமே விற்கிறவரைத்தான் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் முதலில் பார்க்க வேண்டியது வாங்குகிறவரை. அவர் எந்த மடிக்கனத்தோடு சந்தைக்குப் போகிறார் என்பதில்தான் நம் பில் இருக்கிறது.

சந்தை நடக்கும் விதம் நம் ஊர்க்காரர்களுக்கு எளிதில் புரியும். மாட்டுச் சந்தையில் தரகர் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வார். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. மின்சந்தையிலும் ஒருவர் கேட்டது மற்றவருக்குத் தெரியாது. நாளைய மின்சாரத்துக்கு இன்று காலை 10 மணியிலிருந்து 12 மணிக்குள் விற்பவர்களும் வாங்குபவர்களும் தத்தம் விலையைக் கணினியில் இடுகிறார்கள். இரண்டு வரிசையும் சந்திக்கும் புள்ளியில் விலை நிற்கும். மாட்டுச் சந்தையோடு ஒப்புமை இந்த இடத்தில் முடிகிறது. இங்கே கடைசியாகத் தேவைப்பட்ட யூனிட்டுக்கு என்ன விலையோ அதுதான் எல்லோருக்கும். 3 ரூபாய்க்குத் தரத் தயாராக இருந்தவருக்கும் 9 ரூபாய் கிடைக்கும். குறைந்த செலவில் உற்பத்தி செய்பவருக்கு அது லாபம். அவசரத்துக்கு ஓடிவரும் வாரியத்துக்கு அது அடி.

இந்த நிலைக்கு நாடு மெதுவாகத்தான் வந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியில் 1957 ஜூலை 1 அன்று பிறந்த தமிழ்நாடு மின்சார வாரியம் உற்பத்தி, கோபுரம், தெருக்கம்பம் மூன்றையும் தானே பார்த்தது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் அதை மாற்றியது. அனல் மின்நிலையம் வைக்க உரிமம் வேண்டாம் என்றது, மின்சாரத்தை வாங்கி விற்பதை ஒரு தொழிலாக ஏற்றது, ஆலைகள் அடுத்தவர் கம்பி வழியே தங்களுக்கான மின்சாரத்தைக் கொண்டுவர 'ஓப்பன் ஆக்சஸ்' தந்தது. 2010 நவம்பர் 1 அன்று வாரியம் உடைந்து, உற்பத்தியும் பகிர்மானமும் ஒரு கழகமாக, மின்தொடரமைப்பு இன்னொரு கழகமாக ஆயின. ஊரார் வாயில் இன்றும் அது 'ஈ.பி.'தான்.

அதிகம் பேசப்படாத ஒரு திருப்பம் 2003 ஜனவரியில் தென்மாநிலங்களுக்கு வந்தது. மின்தொகுப்பின் துடிப்பு நொடிக்கு 50 சுற்று. தேவை அளிப்பை மிஞ்சினால் அது இறங்கும். அதுவரை ஒதுக்கீட்டுக்கு மேல் உறிஞ்சிய மாநிலத்துக்குப் பெரிய வலி இல்லை. புதிய முறையில் துடிப்பு இறங்க இறங்க, கூடுதலாக இழுக்கும் யூனிட்டின் விலை ஏறியது. தட்டுப்பாட்டுக்கு ஒரு விலை உண்டு என்று நம் பொறியாளர்கள் கற்றுக்கொண்டது பங்குச்சந்தை மாதிரியான திரையில் இல்லை, கட்டுப்பாட்டு அறையின் துடிப்புமானியில்தான்.

2008 ஜூன் 27 அன்று, மேலே சொன்ன ஏலத்தை நடத்தும் இந்தியன் எனர்ஜி எக்ஸ்சேஞ்ச் வேலையைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மின்வெட்டுக் காலம் தொடங்கியதும் அதே ஆண்டில். கடை திறந்த பிறகும் ஏன் இருட்டு? பெரிய காரணம் கம்பி. அன்று தெற்கு மின்தொகுப்பு தனித்தீவு. வடக்கிலிருந்து சில நேர்மின் பாதைகள் வழியாக மட்டுமே மின்சாரம் வரும். பாதை நிரம்பியதும் எக்ஸ்சேஞ்ச் நாட்டை இரண்டாகப் பிரித்துக் கணக்குப் போடும்; வடக்கே ஒரு விலை, தெற்கே அதைவிடக் கூடுதலாக ஒரு விலை. 2012இல் சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு, வெளி மாவட்டங்களுக்கு அதைப்போலப் பல மடங்கு. பற்றாக்குறை நெருக்கியதில், மாநிலத்துக்குள் உற்பத்தியாகும் தனியார் மின்சாரம் வெளியே போகக் கூடாது என்று அரசு 2009இலேயே தடை போட்டிருந்தது. அந்தத் தடையை நான் குறைசொல்ல மாட்டேன். வீட்டில் விளக்கு இல்லாதபோது அண்டை ஊருக்கு எண்ணெய் விற்க யாரும் விடமாட்டார்கள். ஆனால் சந்தையை நம்பி ஆலை வைத்தவருக்கு அது மறக்க முடியாத பாடம்.

2012 ஜூலை 30 அன்று வடக்கும், மறுநாள் அதோடு கிழக்கும் வடகிழக்கும் இருண்டபோது தெற்கு தப்பியதும் அந்தத் தனிமையால்தான். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை தெற்கை நாட்டோடு ஒரே துடிப்பில் கோத்தது. விலை இடைவெளி உடனே மறையவில்லை. அடுத்தடுத்துப் பாதைகள் வந்த பிறகே சுருங்கியது. மின்வெட்டு நீங்கியதற்குப் புதிய மின்நிலையங்களைச் சொல்கிறோம். இந்தக் கோபுரங்களையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

இனி வாங்குபவர். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி 25 ஆண்டு போன்ற நெடுங்கால ஒப்பந்தங்களில் கட்டுண்டது. எக்ஸ்சேஞ்சுகளில் கைமாறுவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒப்பந்தத்தில் மின்சாரத்தை எடுக்காவிட்டாலும் நிலையக் கட்டணம் கட்டியாக வேண்டும். மலிவாகச் சந்தையில் கிடைக்கும் நாளிலும் அந்தச் சுமை இறங்காது. சந்தை விலை கொளுத்தும் நாளிலோ ஒப்பந்தம் போதாமல் வாரியம் அங்கே போய் நிற்கும். 2022 மார்ச்சில் விலை யூனிட்டுக்கு 20 ரூபாய் உச்சவரம்பைத் தொட்டது. மத்திய ஒழுங்குமுறை ஆணையம் ஏப்ரலில் அதை 12 ரூபாயாகவும், அடுத்த ஆண்டு 10 ரூபாயாகவும் இறக்கியது. 2022 ஆகஸ்டில், மின் உற்பத்தியாளர்களுக்குப் பாக்கி வைத்ததாக 13 மாநிலங்களின் வாரியங்கள் எக்ஸ்சேஞ்சில் வாங்கவே தடுக்கப்பட்டன. பட்டியலில் தமிழ்நாடும் இருந்தது.

பாக்கி வரக் காரணம் என்ன? 2014 டிசம்பரில் கட்டணம் உயர்ந்தது. அடுத்த உயர்வு 2022 செப்டம்பரில். கிட்டத்தட்ட எட்டு ஆண்டுகள். நிலக்கரி ஏறியது, வட்டி ஏறியது, விற்கும் விலை அசையவில்லை. பகிர்மானக் கழகத்தின் மொத்த நட்டம் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. கலிபோர்னியா 2000-01இல் செய்ததும் ஏறக்குறைய இதுதான்: மொத்த விலையைத் திறந்துவிட்டு வீட்டு விலையைப் பூட்டினார்கள். என்ரான் போன்றவர்கள் சந்தையை வளைத்தார்கள், பி.ஜி. அண்ட் இ. என்ற பெரிய பகிர்மான நிறுவனம் 2001 ஏப்ரலில் திவாலானது. எதிர்முனையில் டெக்சாஸ். 2021 பிப்ரவரிப் பனியில் மொத்த விலை யூனிட்டுக்கு 9 டாலர் என்ற உச்சத்தில் நாள்கணக்கில் நின்றது. அந்த விலையை நேராக வீட்டுக்கே கடத்தும் திட்டத்தில் இருந்தவர்களுக்கு ஆயிரக்கணக்கான டாலரில் பில் வந்தது. இரண்டு ஊரின் தவறும் நமக்கு வேண்டாம்.

100 யூனிட் இலவசமும் உழவர்களுக்கான இலவச மின்சாரமும் தொடர வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அதற்கான மானியத்தை அரசு முன்கூட்டியே ரொக்கமாகத் தர வேண்டும் என்று 2003 சட்டத்தின் 65ஆம் பிரிவு சொல்கிறது. அதை எழுத்துப் பிசகாமல் செய்தால் வாரியம் கடன்காரராக இல்லாமல் வாடிக்கையாளராகச் சந்தைக்குப் போகும். இன்னொன்று: நேற்று எந்த நேரத்தில், எவ்வளவு, என்ன விலைக்கு வாங்கினோம் என்று தினமும் தமிழில், ஒரு பக்கத்தில் வெளியிட வேண்டும். எக்ஸ்சேஞ்ச் விலைகள் ஏற்கெனவே பொதுவில் இருக்கின்றன; நம் பெயரில் வாங்கியதுதான் நம் கண்ணுக்கு எட்டவில்லை.

மத்திய அரசு இன்னும் வேகமாகப் போக நினைக்கிறது. நாட்டின் எல்லா மின்சாரத்தையும் ஒரே ஏலத்தில் கொட்டும் யோசனையை 2021இல் முன்வைத்தது. தங்கள் நிலையத்தை எப்போது ஓட்டுவது என்ற பிடி போய்விடும் என்று மாநிலங்கள் தயங்கின, அது நடக்கவில்லை. எக்ஸ்சேஞ்சுகளின் ஏலங்களைச் சேர்த்து ஒரே விலை காண ஆணையம் 2025 ஜூலையில் உத்தரவிட்டதும் இந்தியன் எனர்ஜி எக்ஸ்சேஞ்சின் பங்கு சரிந்தது, வழக்கும் வந்தது.

இவை எதுவும் எங்கள் தெரு டிரான்ஸ்பார்மரைத் தொடாது. மே மாத இரவு பத்தரைக்கு எல்லா ஏ.சி.யும் ஓடும்போது ஒரு ஃபேஸ் போய்விடும். எக்ஸ்சேஞ்சில் மின்சாரம் குவிந்து கிடந்தாலும் எங்களுக்கு இருட்டுதான். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் ஊருக்குள் வந்தபோது நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்தத் தண்ணீரில் எந்த ஏலமும் உதவியிருக்காது. உயரமான பெட்டியும் தடித்த கம்பியும்தான் வேண்டும்.

நேரத்துக்கேற்ற விலையைப் பற்றி ஒரு நாள் எங்கள் குடியிருப்பில் பேசிக்கொண்டிருந்தேன். பகலில் சூரிய ஒளி மின்சாரம் கொட்டுவதால் சந்தையில் மலிவு, பொழுது சாய்ந்தால் ஏறிவிடும் என்றேன். கீழ்வீட்டு அம்மா கேட்டார்:

"ஏன் தம்பி, அப்ப மோட்டாரை மத்தியானம் போட்டா காசு குறையுமா?"

"இப்ப நமக்குக் குறையாதும்மா. ஈ.பி.க்குத்தான் குறையும்."

"அவங்களுக்குக் குறைஞ்சா நாளைக்கு நம்ம தலையில ஏத்தாம இருப்பாங்கல்ல?"

நான் பதில் யோசிப்பதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். இப்போதெல்லாம் எங்கள் தண்ணீர்த் தொட்டி நிரம்புவது மதியம் ஒரு மணிக்கு.