முடிச்சைத் தடவிப் பார்த்து வாங்குங்க! சுங்குடி பெயரில் அச்சுப் புடவை
திருத்தணி,
ஆடிக் கிருத்திகை வந்தால் 365 படியும் மஞ்சள் மயம். இங்கே புடவைக்கும் குறைவில்லை. ஆனால் கடைக்காரர் "சுங்குடி" என்று எடுத்துப் போடுவது எல்லாம் சுங்குடி அல்ல. உஷார்!

அசல் சுங்குடி மதுரைச் சரக்கு. சௌராஷ்டிரப் பெண்கள் வீட்டிலேயே உட்கார்ந்து கட்டுவது. துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலால் இறுக்கிச் சுற்றுவார்கள். புள்ளிக்கு ஒரு முடிச்சு, புடவைக்கு ஆயிரக்கணக்கில்! அப்புறம் சாயத்தொட்டி. கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. பிரித்தால் வெள்ளைப் புள்ளி பளிச்!

முடிச்சுப் போட மழை தடையில்லை. சாயம் காயத்தான் வெயில் வேண்டும். ஐப்பசி அடைமழை என்றால் துணி தேங்கும், கூலியும் தேங்கும்.

2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. என்ன பிரயோஜனம்? மெழுகு அச்சு, ஸ்கிரீன் அச்சுப் புடவைகள் அதே பெயரில் மலிவாகக் குவிகின்றன. நாள் கணக்கில் கண் வலிக்கக் கட்டியவள் இதோடு எப்படிப் போட்டி போடுவாள்? பல வீடுகளில் கட்டுவதையே விட்டுவிட்டார்கள்.

கண்டுபிடிப்பது எப்படி? புதுப் புடவையில் கட்டிய புள்ளி லேசாகப் புடைத்துச் சுருங்கி இருக்கும். ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. எல்லாப் புள்ளியும் அளவெடுத்தது போல் ஒரே வட்டமா? அது அச்சு. கடைக்காரர் முறைத்தாலும் தடவிப் பார்த்தே வாங்குங்க.