உங்களுக்குத் தெரியுமா?

உலகின் புகழ்பெற்ற பிராண்டிங் ஸ்டுடியோ ஒன்று பல ஆண்டுகள் ஒரு படகில்தான் இயங்கியது! சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் கார்களையும் பயணிகளையும் ஏற்றிச் சென்ற 'கிளாமத்' என்ற பழைய ஃபெரிப் படகை வாங்கி, 1964-இல் தன் அலுவலகமாக மாற்றிக்கொண்டார் வடிவமைப்பாளர் வால்டர் லேண்டார். பெரிய பெரிய கம்பெனி முதலாளிகளெல்லாம் லோகோ பார்க்கப் படகேற வேண்டியிருந்தது. இதைவிட நல்ல விளம்பரம் வேறென்ன வேண்டும்?

● 1913-இல் ஜெர்மனியின் மியூனிக்கில் பிறந்தவர் லேண்டார். லண்டனில் தொழில் பழகினார். 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சி வேலையாக அமெரிக்கா வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார்.

● 1941-இல் ஸ்டுடியோ தொடங்கியது வீட்டில்தான். உடன் உழைத்தவர் மனைவி ஜோசஃபின்.

● பொருளின் டப்பா அழகாக இருந்தால் மட்டும் போதாது, கடை அலமாரியில் கண்ணில் பட வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்காகவே மாதிரி சூப்பர் மார்க்கெட் அமைத்து, சாதாரண வாடிக்கையாளர்களை வரவழைத்து, அவர்கள் கை எதை எடுக்கிறது என்று பார்ப்பார்கள்.

● லீவைஸ் ஜீன்ஸின் சிவப்பு 'வௌவால் இறக்கை' லோகோ (1967), பருத்தி ஆடைகளில் வரும் வெள்ளைப் பருத்திப் பஞ்சு முத்திரை (1973) இரண்டும் இந்த ஸ்டுடியோவின் கைவண்ணம்.

● 1994-இல் வந்த ஃபெடெக்ஸ் லோகோவும் இவர்களுடையதே. வரைந்தவர் அங்கு பணியாற்றிய லிண்டன் லீடர். அடுத்த முறை ஃபெடெக்ஸ் வண்டியைப் பார்த்தால், கடைசி இரண்டு எழுத்துகளுக்கு நடுவே உள்ள வெள்ளை இடத்தை உற்றுப் பாருங்கள்: அங்கே ஓர் அம்புக்குறி!