அகர்தலாவுக்கு வந்த அகலப்பாதை

திரிபுராவின் தலைநகரான அகர்தலாவுக்கு நெடுங்காலம் சொந்த ரயில் நிலையம் கிடையாது. மன்னராட்சிக் காலத்தில் மக்கள் கூப்பிடு தூரத்திலிருந்த அகௌரா சந்திப்புக்குச் சென்றே ரயில் ஏறினர். 1947-இல் நாடு பிரிந்தபோது அகௌரா கிழக்குப் பாகிஸ்தானுக்குச் சென்றது. இன்று அது வங்கதேசத்தில் உள்ளது. மூன்று புறமும் அயல்நாடு சூழ்ந்த திரிபுரா, ரயில் தொடர்பை இழந்து நின்றது.

அதன்பின் கொல்கத்தா செல்ல அஸ்ஸாமைச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டியிருந்தது. இந்தத் தூரம் பயணியைக் களைப்படையச் செய்ததோடு நில்லாமல், பருப்பு, சிமெண்ட், பெட்ரோல் என ஒவ்வொரு பொருளின் விலையிலும் லாரி வாடகையாக ஏறி அமர்ந்தது. சரக்கு வழியில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வணிகரின் மூலதனம் முடங்குகிறது. கடனுக்கான வட்டியோ நிற்பதில்லை. 2016-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் தெற்கு அஸ்ஸாமில் நெடுஞ்சாலை சீர்குலைந்தபோது, திரிபுராவில் எரிபொருளுக்குக் கடும் தட்டுப்பாடு நேர்ந்தது. ஒரே சாலையை நம்பி வாழும் மாநிலத்தின் நிலை அப்போது நன்கு விளங்கியது.

இருப்புப்பாதை மெல்லவே முன்னேறியது. 1964-இல் மாநிலத்தின் வடகோடியிலுள்ள தர்மநகரை எட்டிய மீட்டர் கேஜ் பாதை, மலைத்தொடர்களைச் சுரங்கங்களால் கடந்து அகர்தலாவை அடைந்தது 2008-இல்தான். பின்னர் அகலப்பாதையாக மாற்றுவதற்காகப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. பணி நிறைவுற்று, 2016 ஜூலை 31 அன்று தில்லிக்கு முதல் நேரடி விரைவு ரயிலான திரிபுரசுந்தரி எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. இன்று பெங்களூருவிலிருந்தும் அகர்தலாவுக்கு நேரடி ரயில் உண்டு.

நகரின் தெற்கே பாதர்காட் பகுதியில் அமைந்த நிலையம், மன்னர்களின் உஜ்ஜயந்த அரண்மனையை நினைவூட்டும் தோற்றத்துடன் விளங்குகிறது. அழகினும் பெரிது அதன் பயன். இயற்கை ரப்பர் உற்பத்தியில் கேரளத்துக்கு அடுத்த இடம் திரிபுராவுக்கே உரியது. புவிசார் குறியீடு பெற்ற குயின் அன்னாசியும் இங்கு விளைகிறது. வெளிச்சந்தையை நம்பியுள்ள இத்தகைய விளைபொருள்களுக்கு மலைச்சாலையையன்றி மற்றொரு வழியும் இப்போது திறந்திருக்கிறது.

எஞ்சியிருப்பது பழைய அகௌராத் தொடர்பு. 12.24 கிலோமீட்டர் நீளமுள்ள அகர்தலா–அகௌரா இணைப்புப் பாதையை 2023 நவம்பர் 1 அன்று இரு நாட்டுப் பிரதமர்களும் தொடங்கி வைத்தனர். எனினும் பயணியர் போக்குவரத்து உடனே தொடங்கவில்லை. அது முழு அளவில் இயங்குமானால் கொல்கத்தாவுக்கான தொலைவு சுமார் 500 கிலோமீட்டராகக் குறையும். அந்தக் குறைவு பயணச்சீட்டில் மட்டுமன்றி, அகர்தலாவின் ஒவ்வொரு வீட்டு மளிகைக் கணக்கிலும் தெரியவரும்.